விடைத்தாளின் தலையில் ஒரு சுழி

1

கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஐந்து பாடங்கள் வரிசையாக நிற்கின்றன. நான்குக்கு நேரே மதிப்பெண் வந்துவிட்டது. ஐந்தாவதற்கு நேரே, 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' காலையில் காபி போட்டுவிட்டு ஒரு தடவை, துணி காயப்போட்டு வந்து ஒரு தடவை, பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தடவை என்று திறந்து திறந்து பார்க்கிறேன். பார்த்தால் மாறிவிடுமா? மாறாது என்று தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

பரீட்சை முடிவுக்காக இப்படித் தவிக்கும் கல்லூரி மாணவி என் மகளாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு மகள் இல்லை. மாணவி நானேதான். நாற்பத்தைந்து வயதில், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, என் மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவள். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், திருச்செங்கோட்டில் பாதிகூட இல்லாத ஓர் ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். இங்கே பால் டேங்கர்களுக்கு டீசல் மெக்கானிக். நாமக்கல் எங்கே இருக்கிறது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவர் கை வைத்த வண்டி நடுவழியில் நிற்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒரு மழலையர் மையத்தில் உதவியாளர். மூக்கைத் துடைப்பது, செருப்பை மாட்டுவது, கடித்தவளையும் கடிபட்டவனையும் சமாதானம் செய்துவைப்பது. என் பெயர் பூங்கொடி. பெயரின் முதல் எழுத்துக்கு ஆங்கிலக் குழந்தைகளின் அகராதியில் கழிப்பறைப் பொருள் இருப்பதால், முதல் வாரத்திலேயே நான் 'கொடி' ஆகிவிட்டேன். கொடி என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் டிப்ளமா இல்லாமல் இங்கே ஆசிரியை ஆக முடியாது. அதற்காகத்தான் கல்லூரியில் சேர்ந்தேன். வரும் பிப்ரவரியில் தொடங்கும் பள்ளியாண்டில் ஓர் ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாக மையத் தலைவி சொல்லியிருக்கிறார். பள்ளி திறக்கும்போது கையில் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் கடைசியில் இந்த நாடே கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். கல்லூரி அலுவலகமும் போய்விடும். அதற்குள் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' நீங்காவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வந்தால் வருகிறது என்றார். மகன் கவினுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் வேறு நகரத்தில் பொறியியல் படிக்கிறான். அவனுக்கும் அதே வாரம் முடிவுகள். உனக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றான். பார்க்கவே இல்லையாம். பரீட்சை முடிவு வந்திருக்குமா என்று பார்க்கத் தோன்றாத ஒரு பிள்ளையை நாமக்கல் மாவட்டத்து ரத்தத்தில் நான் எப்படிப் பெற்றேன் என்று எனக்கே விளங்கவில்லை.

2

எல்லாம் வந்து ஒன்று மட்டும் வராமல் நிற்பது எனக்குப் புதிதல்ல.

திருச்செங்கோட்டில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். கடைசிப் பருவத்தில் ஒரு தாளைத் தவிர எல்லாம் எழுதி முடித்திருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தார். விடுப்போ கொஞ்ச நாள். அதற்குள் இருந்ததே ஒரு முகூர்த்தம். மலையடிவாரத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடைசிப் பரீட்சை. மறுநாள் காலைதான் நாமக்கல்லில் மாப்பிள்ளை வீட்டு விருந்தும்.

விடிந்ததும் என் அண்ணன் பைக்கில் நாமக்கல் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டைப்பையில் என் ஹால்டிக்கெட், எழுதிப் பார்த்த பேனா இரண்டு. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். தாலிக்கொடியில் மஞ்சள் காயாத பெண் விருந்துக்கு முன்னால் வெளியே போவதா என்று பெரியவர்கள் யோசித்தார்கள். நவம்பரில் எழுதிக்கொள்ளலாம், கண்ணு, அரியர்தானே என்றார்கள். யாரும் அதட்டவில்லை. எல்லோரும் பிரியமாகத்தான் சொன்னார்கள். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பிரியத்தை எதிர்த்துப் பேச எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நவம்பரில் நான் இங்கே இருந்தேன். அடுத்த நவம்பரில் கவின் வயிற்றில். அதற்கப்புறம் பாடத்திட்டம் மாறியது, கெடு முடிந்தது. அரியர் அரியராகவே நின்றுபோனது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவங்களில் 'படிப்பு' என்ற கட்டம் வரும்போதெல்லாம் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். மூன்று வருஷம் படித்தேன், ஆனால் படிக்காதவள் என்பதை ஒரு சின்னக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த டிப்ளமா பரீட்சை நாட்களில் மட்டும் என் வீட்டுக்காரர் என்னைப் பேருந்தில் போக விடவில்லை. பட்டறையில் சொல்லிவிட்டு வந்து, தானே கொண்டுபோய் இறக்கி, நான் வெளியே வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

3

பிறகு மின்னஞ்சல் வந்தது. மூன்று தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த நாட்டு அலுவலகங்கள் கழுத்தை நெரிப்பதாக இருந்தாலும் மயிலிறகால்தான் நெரிக்கும். 'தங்கள் நலனில் அக்கறை கொண்டு' என்று தொடங்கி, 'தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்' என்று முடிந்திருந்தது. நடுவில் விஷயம்.

இங்கே விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும், அதுவும் முகப்பில் மட்டும். யாருடைய தாள் என்பது திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. என் தாளில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே மாதிரியான, அடையாளம் தெரியாத குறி ஒன்று இருக்கிறதாம். கீழே இரண்டு கோடு வேறு. இது மாணவர் தன்னைத் திருத்துகிறவருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருக்கலாம் என்பதால் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நேரில் வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

என்ன குறி? நான் ஒன்றும் போடவில்லையே என்று பதறிப்போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். மின்னஞ்சலோடு ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருந்தார்கள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை.

"ஏம்பூங்கொடி, இது புள்ளாரு சுழி."

பிள்ளையார் சுழிதான். நான் போட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. மூச்சு விட்டதை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? மளிகைச் சீட்டில் போடுகிறேன். மையத்தில் வருகைப் பதிவேட்டுத் தாளில்கூடப் போட்டிருப்பேன். இங்கே மற்றப் பரீட்சைகளையெல்லாம் கணினியில் எழுதியதால்தான் இதுவரை மாட்டவில்லை. திருச்செங்கோட்டில் கூடுதல் தாள் வாங்கினால் அதற்கும் தனியாகப் போடுவோம். அங்கேயும் குறி எதுவும் இடக் கூடாது என்ற விதி உண்டு. ஆனால் திருத்துகிறவர் திருத்த உட்காருமுன் தன் தாளில் அதைத்தான் போட்டிருப்பார் என்பதால் யாரும் கண்டுகொண்டதில்லை. நன்றாக எழுத வேண்டும் என்று போட்டது என் எழுத்தையே நிறுத்திவைத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதை நான் இவ்வளவு நேரடியாக அனுபவிப்பேன் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் இப்போது ரிக் வண்டி வைத்திருக்கிறார். எங்கள் திருச்செங்கோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. வருஷத்தில் பாதி வடநாட்டில் கிடப்பார். அன்றைக்கு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு கோதுமைக் காட்டில் இருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் அவர் பேசுவதில் பாதிதான் கேட்கும். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கண்ணா என்றேன். பாதித் துளையில் காற்றை நிறுத்தினால் மண் இறங்கி, துளைக்கிற ராடு சிக்கிக்கொள்ளும், யாருக்காகவும் நிறுத்த முடியாது என்று கத்தினார். நானும் கத்தித்தான் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"புள்ளாரு போடாம நாங்க ஒரு பாயிண்ட்டுலயும் ராடு எறக்குனதில்லீ சாமி. தண்ணி வந்துருக்குது, பொகையும் வந்துருக்குது. அதுக்கு அவரு பொறுப்பில்ல. ஆனா போடாம எறக்க மாட்டோம். இதப் போயி அந்தக் காலேஜுல அப்படியே சொல்லு."

பாயிண்ட் என்றால் துளை போடக் குறித்த இடம், பொகை என்றால் தண்ணீர் வராமல் கல்தூசி மட்டும் வருவது. சத்தத்துக்கு நடுவில் அண்ணன் அடுத்துச் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயந்துக்கிட்டுப் போகாம இருந்தறாத. இந்தத் தடவ போயிரு."

4

விசாரணை நாளில் வீட்டுக்காரருக்கு ஒரு டேங்கர் மலைப்பாதையில் நின்றுவிட்டது. போய்த்தான் ஆக வேண்டும். துணைக்கு வருகிறாயா என்று கவினிடம் முன்பே கேட்டிருந்தேன். இதற்கெல்லாம் எதற்கு நான், நீயே பேசலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச வருஷமாகவே நாங்கள் அப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். திருநீறு வைத்துவிட்டால் கதவைத் தாண்டுவதற்குள் துடைத்துவிடுவான். வெளியூர் போனபின் தொலைபேசிப் பேச்சும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

கல்லூரி வாசலில் பேருந்தை விட்டு இறங்கினால், அங்கே நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டை. அவனிடம் இஸ்திரிப் பெட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. வருவதாகச் சொல்லவில்லையே என்றேன்.

"அப்பா கூப்டாரு. நீ சித்த சும்மா இரும்மா, நான் பேசறேன்."

இவன் தமிழ் எங்கள் இருவரிடமிருந்து மட்டும் கேட்ட தமிழ். அதனால் கொஞ்சம்தான் பேசுவான், பேசினால் அசல் திருச்செங்கோடு.

விசாரித்த அலுவலர் வெள்ளை முடிப் பெண்மணி, பெயர் ஹெலன். நல்லவர். தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் விடைத்தாளை மேசையில் பரப்பினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். தேர்வு நேரத்தில் யாரிடமாவது உதவி கேட்டீர்களா என்று வழக்கமான கேள்வியாகக் கேட்டார். எனக்குப் பொய் வராது. கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹெலனின் பேனா நின்றது. யாரிடம் என்றார்.

கடவுளிடம் என்றேன். எழுத ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டுவிடுவோம் என்றேன். கவின் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குமேல் என்னைப் பேச விடாமல் அவனே சொன்னான். இது யாருக்கும் காட்டும் அடையாளம் இல்லை. அம்மாவின் ஊரில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் இதைப் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும், கடைச் சீட்டிலும் இருக்கும். கிணறு தோண்டும் வண்டியில்கூட மாமா போடுகிறார். அவன் இவ்வளவும் எப்போது கவனித்தான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஹெலன் கேட்டுக்கொண்டார். இதையே உங்கள் சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். பேனா தாளின் தலைக்குப் போனது. அங்கே போடத்தான் கூடாதாம். கீழே கொண்டுவந்தேன். ஒரு சொல் வரவில்லை. மறுபடி மேலே போனது. திரும்பக் கீழே கொண்டுவந்தேன். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருக்கிறதா, தமிழில் எழுதினாலும் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றார் ஹெலன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கவின் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மொழி இல்லை. அதைப் போடாமல் அம்மாவால் ஆரம்பிக்க முடியவில்லை" என்றான்.

ஹெலன் என்னையும் தாளையும் பார்த்தார். "போடுங்கள். இந்தத் தாளுக்கு யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை" என்றார்.

போட்டேன். கீழே இரண்டு கோடும் இழுத்தேன். அப்புறம் பக்கம் போதவில்லை.

நான் எழுதி முடிக்கும் நேரத்தில், சும்மா பேச்சுக்குத்தான் ஹெலன் அவனிடம் கேட்டார்: இங்கே வளர்ந்த உங்களைப் போன்றவர்களும் இதைச் செய்வதுண்டா? அவன் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன். எழுதுவதை நிறுத்தாமல் காதை மட்டும் கொடுத்தேன்.

"நானும் போடுவேன். எல்லாப் பரீட்சையிலும்." அவனுக்குக் காது சிவந்துவிட்டது. "அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. சின்ன வயதில் என் முதல் நோட்டில் அம்மா போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன்."

எனக்கு அதன்பின் எழுத்து கலங்கித் தெரிந்தது. இவன் என்னை விட்டு எங்கோ போய்விட்டான் என்று நான் அழுத நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் ஏதோ ஒரு பரீட்சைக் கூடத்தில் உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, நான் போட்டுக் கொடுத்ததைப் போட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்.

வெளியே வந்ததும் என்னென்னவோ கேட்க நினைத்தேன். வாயில் வந்தது சாப்பிட்டாயா என்பதுதான்.

"இல்ல. ஊட்டுக்குப் போலாம்மா. பசிக்குது."

அவன் பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

5

கல்லூரி மூடப்போகும் வாரம். கவின் வீட்டில் இருந்தான். தன் முடிவுகளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் முன்னால் திறந்து பார்த்தான். எல்லாம் தேறியிருந்தான். என் பக்கத்தையும் அவனே எனக்கு முன்னால் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தான். இன்னும் இல்லைம்மா என்று சொல்லும்போது அவன் குரல் எனக்காகக் கொஞ்சம் இறங்கும்.

முடிவு வந்தபோது நான் மணல்தொட்டியில் இருந்தேன். பிள்ளைகளோடு இருக்கும்போது தொலைபேசியைத் தொடக் கூடாது என்பது மையத்தின் விதி. பையில் அது அதிர்ந்தது, நின்றது, திரும்ப அதிர்ந்தது. இத்தனை நாள் கை சும்மா இருக்கவில்லை. இன்றைக்கு இரண்டு கையிலும் ஈரமணல். ஒரு சின்னப்பெண் மணலில் இட்லி மாதிரி ஏதோ செய்து என்னைச் சாப்பிடச் சொன்னாள். நன்றாக இருக்கிறது, கண்ணு என்று சாப்பிட்டேன். இடைவேளை வந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' போய்விட்டிருந்தது. தேர்ச்சி. மதிப்பெண் நான் பயந்ததைவிட நன்றாகவே இருந்தது. கீழே ஒரு வரி: இனிமேல் இத்தகைய குறிகளை விடைத்தாளில் தவிர்க்கவும், தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும். அமைந்துவிட்டது, ஹெலன் அம்மா.

மையத் தலைவியிடம் காட்டினேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, சாயங்காலம் பேருந்தில் வர வேண்டாம், நான் வருகிறேன் என்றார்.

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது காலை, வேலை நடந்துகொண்டிருக்கும் நேரம். எடுத்ததும் வழக்கமான கம்ப்ரசர் இரைச்சல். பாஸ் ஆகிவிட்டேன் என்று கத்தினேன். கேட்கவில்லை என்று கத்தினார். இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னார். இரைச்சல் இறங்கியது. இறங்கி, நின்றே போனது. இத்தனை வருஷத்தில் அண்ணன் வேலை செய்யும் இடத்திலிருந்து நான் ஒரு குருவிச் சத்தம் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது.

"நிறுத்திட்டீங்களாண்ணா? பாதித் துளைங்களா? ராடு சிக்கிக்குமுங்க."

"சிக்குனா எடுத்துக்கலாம். நீ சொல்லு சாமி."

"பாஸாயிட்டனுங்ணா."

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு அண்ணன் அன்றைக்கு நின்றது என் கண்முன் தெரிந்தது. அவருக்கும் அதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாப் பேப்பருமா?" என்றார்.

"எல்லாப் பேப்பருமுங்ணா."